ஒரு கத்தி குறைகிறது

அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அவளை எல்லோரும் லெட்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேரச் சொல்லும் கடிதம், லீவு கிடையாது என்று சொல்லும் கடிதம், ஏன் தாமதம் என்று கேட்கும் கடிதம் எல்லாமே அவள் விரல் வழியாகத்தான் வெளியே வரும். கையில் ஒரு தாளோடு அவள் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், "இன்னிக்கு யாருக்கு மண்டகப்படி?" என்று விற்பனைப் பிரிவிலிருந்து ரேடியோ குரல் கொடுப்பான். அவன் வாய் ஓயாது என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

வெள்ளிக்கிழமை மாலை மேனேஜர் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். ஆட்குறைப்பு. மூன்று பெயர்கள். பெட்டிகளை வெட்டும் அச்சைச் செய்கிற டை மேக்கர், ஸ்டோர்க்காரர், டிஸ்பேட்ச் அக்கா. மூன்றாவது பெயரை டைப் செய்யும்போது அவள் விரல் நின்றது.

"அக்கா பத்தொன்பது வருஷம் சார்."

"எனக்குத் தெரியாதா? மேலிடத்து முடிவும்மா."

டைப் செய்த தாளை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனவர், சிவப்புக் கரை போட்ட நீளமான கவரை ஒட்டி எடுத்து வந்தார். "திங்கட்கிழமை காலையில ஹெட் ஆபீஸ்ல நீயே நேர்ல குடுத்துடு. அதுவரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

மறுநாள் சனிக்கிழமை காட்டுக்குப் பயணம். அலுவலக ஆட்களிடம் ஒற்றுமை வளர்ப்பதற்காகக் காட்டில் தங்கும் கலையைக் கற்றுத்தரும் ஒரு நாள் பயிற்சி. ஒரு மாதம் முன்பே பணம் கட்டியாகிவிட்டது.

"அதை வேணா தள்ளிப்போடலாமா சார்?"

"எதுக்கு? போற ஆளுங்க ஒரு நாள் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டுமே."

வெட்டப் போகிற ஆட்டுக்குத் தழை காட்டுவது போல இருந்தது அவளுக்கு. ஆனால் தலையாட்டினாள். பயிற்சி முடிந்ததும் அப்படியே தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்குப் போய்த் தங்கை வீட்டில் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். அதனால் மாற்றுத் துணியோடு அந்தக் கவரும் அவள் பைக்குள் போயிற்று.

வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தது டிஸ்பேட்ச் அக்காதான். ஆறு வருஷமாக மதியச் சாப்பாட்டில் கூட அந்த வரிசை மாறியதில்லை. அக்கா ஆரஞ்சுப் பழத்தை உரித்து ஒவ்வொரு சுளையிலும் நாரை எடுத்துவிட்டு அவள் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். முட்டி வலி, மகளின் பரீட்சை, வீட்டுக்காரரின் குறட்டை என்று பேச்சு ஓடியது. வழியில் தண்ணீர் பாட்டிலை எடுக்க லெட்டரம்மா பையின் ஜிப்பைத் திறந்தாள். எடுத்தாள், குடித்தாள், மூடினாள். அதற்கப்புறம் அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று அவள் நினைத்தாள்.

காட்டின் ஓரத்தில் வேன் நின்றது. தூறல். உயரமான மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி, அதில் நான்கு மரங்களுக்கு இழுத்துக் கட்டிய தார்ப்பாய். மீசையும் பூட்ஸுமாக ஒரு ஆளை எதிர்பார்த்தவர்களுக்கு முன்னால், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட, ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா வந்து நின்றாள்.

"ஆகா, நம்ம கணக்கு டீச்சர்" என்றான் ரேடியோ.

"கணக்குதான் தம்பி. போகும்போது விரல் பத்தும் இருக்கான்னு எண்ணித்தான் அனுப்புவேன்" என்றாள் பயிற்சியாளர்.

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒரு பச்சைக் கித்தானை விரித்து ஆறு கத்திகளை உறையோடு வரிசையாக வைத்தாள்.

"இதுல எதுவும் மடக்குற கத்தி கிடையாது. மடக்குற கத்திக்கு இடுப்பு உண்டு. இடுப்புன்னு ஒண்ணு இருந்தா ஒரு நாள் பிடிச்சுக்கும், எனக்கு நல்லாவே தெரியும். காட்டுல தங்குறவங்களுக்கு நுனியிலேருந்து கைப்பிடி வால் வரைக்கும் ஒரே இரும்பா ஓடணும். விறகு பிளக்கும்போது கைப்பிடி கழண்டு வந்தா அப்புறம் சாமியக் கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்ல. அவங்கவங்களுக்குப் பிடிச்சதை எடுங்க. இன்னிக்குப் பூரா அது உங்க பொறுப்பு."

மேனேஜர் பாய்ந்து எடுத்தது எல்லாவற்றிலும் பெரியது. முதுகில் ரம்பப் பல், கைப்பிடி முனையில் திசைகாட்டி.

"நினைச்சேன். அதுல ரம்பம் அறுக்காது, திசைகாட்டி வடக்கைக் காட்டாது. ஆனா கையில வெச்சுக்கிட்டு போட்டோ எடுத்தா நல்லா இருக்கும்" என்றாள் பயிற்சியாளர்.

ஸ்டோர்க்காரர் ஆரஞ்சு நிறக் கைப்பிடி போட்ட துருப்பிடிக்காத கத்தியை எடுத்தார். "கீழ விழுந்தா கண்ணுக்குத் தெரியணும்ல?" ரேடியோ முன்பக்கம் கனத்த வெட்டுக்கத்தியை எடுத்தான். அக்காவுக்கு வயிறு பருத்த, அகலமான ஒன்று. லெட்டரம்மாவுக்கு இருந்ததிலேயே சிறியது.

"உங்களுக்குப் பிடிச்சது எதும்மா?" என்று கேட்டார் டை மேக்கர். மெல்லிய எஃகுப் பட்டைகளைப் பலகையில் பதித்துப் பெட்டி வெட்டும் அச்சு செய்கிறவர் அவர். கூர் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மிச்சமிருந்ததைப் பயிற்சியாளர் எடுத்தாள். நான்கு விரல் நீள அலகு. கறுத்துப்போன மரக் கைப்பிடி. சாதாரண எஃகு, நீலமும் சாம்பலுமாக நிறம் மாறியிருந்தது. "இதுதான். இருபத்திரெண்டு வருஷம். இதுல ரொட்டி வெட்டியிருக்கேன், கூடார முளை சீவியிருக்கேன். ஒருத்தர் கால் வீங்கிப்போய் பூட்ஸ் கழலாம மாட்டிக்கிச்சு, பூட்ஸை அறுத்துக் காலை எடுத்திருக்கேன்."

டை மேக்கர் கை நீட்டினார். அவள் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள். கட்டைவிரல் நகத்தின் மேல் அலகை வைத்துப் பார்த்துவிட்டு அவர், "தங்கம்" என்றார். அன்றைக்கு அது அவர் கைக்குப் போயிற்று.

இரண்டே விதி. உறையிலிருந்து உருவும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "கத்தி வெளியே" என்று சொல்ல வேண்டும். கை நீட்டி ஒரு சுற்று சுற்றினால் எட்டுகிற தூரத்தில் யாரும் இருக்கக்கூடாது. ஒரு மணிக்குத் துடைத்து, உறையில் போட்டு, கித்தானில் வைத்துவிட்டுச் சாப்பிடலாம்.

காலைப் பொழுது நன்றாகவே போயிற்று, அதுதான் லெட்டரம்மாவுக்குத் தாங்கவில்லை. ஈரக் கட்டையின் தலையில் கத்தியை வைத்து முதுகில் இன்னொரு கட்டையால் அடித்துப் பிளந்தார்கள். உள்ளே காய்ந்திருந்த மரத்தைச் சுருள் சுருளாகச் சீவி, குச்சியோடு ஒட்டியபடியே நிற்க வைத்தார்கள். பூப்போல நின்றால் ஒரே பொறியில் பற்றிக்கொள்ளும். ஸ்டோர்க்காரர் சீவியது கட்டைவிரல் தடிமனுக்கு வந்து விழுந்தது. "இது சுருள் இல்ல சார், ஜன்னல் சட்டம்" என்றான் ரேடியோ. அக்கா சீவியதுதான் அழகு. ஒன்றின் மேல் ஒன்றாக இருபது சுருள், ஒன்றுகூட அறுந்து விழவில்லை. மேனேஜர் கைதட்டினார். "பாத்தீங்களா, அக்காகிட்ட எவ்வளவு திறமை!" லெட்டரம்மா குனிந்து தன் குச்சியைச் சீவினாள்.

பன்னிரண்டரை வாக்கில் டை மேக்கர் முதலில் தன் கத்தியைத் துடைத்து வைத்தார். அக்கா முட்டி மாத்திரை போட வேண்டும் என்று வேனுக்குப் போய்வந்தாள். டிரைவர் முன் சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்குப் பயிற்சியாளர் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் எடை பார்த்தாள். ஆறாவதை எடுத்தவள் அப்படியே நின்றாள். அதைக் கவிழ்த்து உலுக்கினாள். உறை மட்டும்தான்.

"ஒரு கத்தி குறையுது."

"நான் வெச்சேனே, உறையில போட்டுத்தான் வெச்சேன்" என்றார் டை மேக்கர். முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க வெச்சதைப் பாத்தேன். உறை இங்கயே இருக்கு, கத்தி இல்ல. தொலையுற கத்தி உறையோட தொலையும். இதை யாரோ உருவியிருக்காங்க. சொல்லாம உருவியிருக்காங்க."

தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் ஒரு மூலையில் சரிந்து கொட்டியது.

"அணில் எடுத்திருக்கும்" என்றான் ரேடியோ. அவனே சிரிக்கவில்லை.

"எல்லாரும் அவங்கவங்க பையைக் கொண்டு வாங்க" என்றாள் பயிற்சியாளர்.

கவரை எல்லோர் முன்னாலும் எடுத்து வைக்க முடியாது. லெட்டரம்மா முதல் ஆளாக வேனுக்கு ஓடினாள். பையைத் திறந்து துணிகளுக்கு அடியில் கை விட்டாள். கவர் இருந்தது. இழுத்தாள். அதன் மேல்விளிம்பு வாய் திறந்திருந்தது.

கிழிக்கவில்லை. அறுத்திருந்தார்கள். ஒரே இழுப்பு, ஒரு நார்கூட எழாமல். கூரான அலகும் பழகிய கையும் இல்லாமல் அப்படி வராது. டை மேக்கரின் கை அவள் கண்முன் வந்தது. தாள் உள்ளேயே மடித்தபடி இருந்தது. அவளே டைப் செய்ததுதான், அதை என்ன பிரித்துப் பார்ப்பது? கவரை மடித்து ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டாள்.

பைகளில் கத்தி இல்லை. மேனேஜருக்கு இதெல்லாம் சலிப்பாக இருந்தது. "விடுங்கம்மா, விலை என்னவோ கம்பெனி குடுத்துரும். மழை வலுக்குறதுக்குள்ள அடுத்த பயிற்சியை முடிங்க."

பயிற்சியாளர் அவரையே பார்த்தாள். "விலையைப் பத்தி நான் கவலைப்படல சார். கூர் தீட்டின கத்தி ஒண்ணு, உறை இல்லாம, யாரோ ஒருத்தர் உடம்புல இருக்கு. அதைப் பத்திக் கவலைப்படுறேன்."

ரொட்டியும் அவித்த முட்டையும் அப்படியே கிடந்தன. அப்போதுதான் டை மேக்கர் எழுந்தார். "நெருப்பு அணையப்போகுது சார். ஓடைக்கு அந்தப் பக்கம் பட்ட மரம் ஒண்ணு பாத்தேன். வாங்க, ரெண்டு பேருமா இழுத்துட்டு வந்துடலாம்."

மேனேஜர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முன்னால் மேனேஜர், பின்னால் டை மேக்கர். மரங்களுக்கு நடுவே மழைச்சட்டைகள் இரண்டும் சிறிதாகிக்கொண்டே போயின. "சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஏன் என்று கேட்பார்களே? பட்டியல் இருப்பதையும் அதைத் தானே டைப் செய்ததையும் அங்கேயே சொல்ல வேண்டியிருக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை.

பத்து நிமிஷம் போயிற்று. தூரத்தில் கட்டை அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. இருபது நிமிஷம். பயிற்சியாளர் ஸ்டோர்க்காரரையும் ரேடியோவையும் கூட்டிக்கொண்டு புதர்களில் தேடிக்கொண்டிருந்தாள். தார்ப்பாய்க்குக் கீழே லெட்டரம்மாவும் அக்காவும் மட்டும். அவளால் அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, ஒரு விஷயம். தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு லிஸ்ட் இருக்கு. திங்கட்கிழமை மூணு பேரை... டை மேக்கர் அதைப் படிச்சிட்டார்னு நினைக்கிறேன். கத்தி அவர்கிட்டதான் இருக்கு. சார் அவர்கூடப் போயிருக்கார்."

அக்கா திடுக்கிடவில்லை. நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பாவம். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"உங்களுக்கு எப்படி..."

அக்கா மழைச்சட்டையின் வலது கையை முழங்கை வரை மெதுவாக மேலே தள்ளினாள். உள்கையோடு ஒட்டி, கைக்குட்டையால் கட்டி, கறுத்த கைப்பிடி. "கத்தி வெளியே" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே முடிச்சை அவிழ்த்தாள்.

இருவருக்கும் நடுவே கை நீட்டும் தூரம்கூட இல்லை.

"பத்தொன்பது வருஷமா அந்த ஆபீசுக்கு வர கவர், போற கவர் எல்லாம் என் கையிலதான். சிவப்புக் கரைக் கவர் எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? நீ ஜிப்பைத் திறந்து மூடினதும் தெரிஞ்சிடுச்சு. யார் பேருன்னு மட்டும்தான் தெரியல." அக்காவின் குரல் உயரவே இல்லை. "என் பக்கத்துல உக்காந்து, நான் உரிச்சுக் குடுத்த சுளையைத் தின்னுட்டே வந்தியே. தொண்டையில இறங்குச்சா உனக்கு?"

"அக்கா, நான் வெறும் டைப் பண்றவ. சொல்லக்கூடாதுன்னு..."

"படிச்சியா?"

"நான்தானே டைப் பண்ணேன்."

"இன்னொரு தடவை படி."

அலகின் நுனி அவள் ஸ்வெட்டரைக் காட்டியது. அவள் கவரை எடுத்துத் தாளைப் பிரித்தாள். மூன்று வரி. அவள் அடித்த எழுத்து. அதற்குக் கீழே, மேனேஜரின் சாய்ந்த கையெழுத்தில், நீல மையில் நாலாவதாக ஒரு பெயர்.

அது அவள் பெயர்.

படித்தாள். மறுபடி படித்தாள். தன் சீட்டைத் தானே பத்திரமாகப் பையில் வைத்து, தானே கொண்டுபோய் நேரில் கொடுக்கப் புறப்பட்டிருக்கிறாள். "நீயே நேர்ல குடுத்துடு." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லையே.

"உனக்கும் சேத்துத்தான்" என்றாள் அக்கா. அதில் இரக்கம் இருந்ததா, ஏளனம் இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அப்போது ஓடைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மேனேஜரும் டை மேக்கரும் ஒரு பெரிய கட்டையை ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். டை மேக்கர் ஏதோ சொல்ல மேனேஜர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். நெருப்பிலிருந்து பத்தடி தள்ளிக் கட்டையைப் போட்டுவிட்டு டை மேக்கர் ஓடையில் கை கழுவப் போனார். மேனேஜர் முட்டி போட்டு, முதுகை இவர்களுக்குக் காட்டியபடி, கட்டையிலிருந்த பாசியை வழித்தார்.

அக்கா அவள் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டு எழுந்தாள். முட்டி வலிக்காரி, ஆனால் அப்போது முட்டியைப் பிடித்துக்கொள்ளவில்லை. கத்தி தொடையோடு ஒட்டியிருந்தது. நடந்தாள்.

லெட்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்டை வறண்டுதான் இருந்தது, ஆனால் கத்த முடியாத அளவுக்கு இல்லை. அது அவளுக்குத் தெரியும். அக்கா பாதித் தூரம் போய்விட்டாள். மேனேஜரின் பிடரியில் தலைமுடி ஈரத்தில் ஒட்டியிருந்தது. அவள் கூப்பிடவில்லை.

புதர்ப் பக்கமிருந்து பயிற்சியாளர்தான் பார்த்தாள். "கத்தி வெளியே!" என்று அவள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த பறவைகள் கிளம்பின. ஸ்டோர்க்காரர் பின்வாங்கி இடறி விழுந்தார். மேனேஜர் திரும்பினார்.

அக்கா தாளைக் கட்டையின் மேல் வைத்தாள். கத்தி இறங்கியது. தாளைத் துளைத்து, பட்டையைத் துளைத்து, உள்ளே நின்றது. மேனேஜர் இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்துவிட்டார்.

"படிங்க சார்" என்றாள் அக்கா. "எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

"அக்கா, நிதானமா..."

"படிங்க."

அவர் படித்தார். முதல் பெயருக்கு, ஈரக் கையோடு வந்து நின்ற டை மேக்கர், "என்ன சார்?" என்றார், சரியாகக் காதில் விழாதவர் போல. இரண்டாவது பெயருக்கு ஸ்டோர்க்காரர் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். மூன்றாவதைப் படிக்கும்போது மேனேஜரின் குரல் உடைந்தது.

"இன்னொண்ணு இருக்கு."

அவர் தலையைத் தூக்கி லெட்டரம்மாவைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. அவர்தான் விலக்கினார். நாலாவது பெயரை முணுமுணுத்தார்.

அதற்குப் பிறகுதான் அக்கா கைப்பிடியிலிருந்து விரலை எடுத்தாள். பயிற்சியாளர் வந்து கத்தியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள், துடைத்தாள், அலகை வெளிச்சத்தில் பார்த்தாள், உறையில் போட்டாள். யாரையும் திட்டவில்லை. "பயிற்சி முடிஞ்சுது, எல்லாரும் வேன்ல ஏறுங்க" என்றாள். மேனேஜரிடம் மட்டும், "நீங்க முன்னாடி, டிரைவர் பக்கத்துல உக்காருங்க சார்" என்றாள்.

இரண்டு மணி நேரம் ரேடியோகூட வாய் திறக்கவில்லை.

மேனேஜர் போலீசுக்குப் போகவில்லை. போனால் பட்டியலும் வெளியே வரும். ஆனால் தலைமை அலுவலகத்துக்கு எப்படியோ சேதி போயிற்று. நோட்டீஸ் காலம் முடிவதற்குள், நடந்ததை எழுதித் தரும்படி லெட்டரம்மாவுக்கே உத்தரவு வந்தது. அவள் அங்கே கடைசியாக அடித்த கடிதம் அதுதான். மேனேஜரை நோக்கிக் கத்தி நீட்டப்பட்டதா என்று கேட்டிருந்தார்கள். "இல்லை. கத்தி கட்டையில் மட்டுமே குத்தப்பட்டது. யாருக்கும் காயமில்லை" என்று அடித்தாள். அதில் பொய் எதுவும் இல்லை.

அவள் எழுதாமல் விட்டது ஒன்றுதான். கத்தி இறங்கிய அந்த இடத்தில், இறங்குவதற்கு ஒரு இமைப்பொழுது முன்பு, பாசியை வழித்துக்கொண்டு மேனேஜரின் இடது கை இருந்தது. பயிற்சியாளரின் சத்தத்துக்கு அவர் திரும்பியதால்தான் அது நகர்ந்தது.

கடைசி நாள் அவளும் அக்காவும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். அக்கா கையில் ஒரு அட்டைப் பெட்டி, அதற்குள் டம்ளர், செருப்பு, நாட்காட்டி. ஒரு பெரிய மருந்துக் கிடங்கில் பார்சல் கட்டும் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். டை மேக்கரையும் அங்கே கேட்டிருக்கிறாளாம். பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அவர் கையை எடுக்கலன்னா?"

அக்கா பெட்டியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியலம்மா. இறக்கும்போது நான் தாளைத்தான் பாத்தேன். கையைப் பாக்கல." பிறகு அவள் பக்கம் திரும்பினாள். "நீ என் பின்னாடிதானே இருந்தே. நான் எழுந்து போனதைப் பாத்துட்டுத்தானே இருந்தே. நீ ஏன் கூப்பிடல?"

பஸ் வந்து நின்றது. இருவருக்கும் அதே பஸ்தான். அக்கா பெட்டியோடு படியேறி, உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பெட்டியை வைத்து இடம் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"நீங்க போங்க அக்கா" என்றாள் லெட்டரம்மா. "நான் அடுத்த பஸ்ல வரேன்."